பொட்டு வைத்த கார்டு

இருபத்திரண்டாவது நிமிடத்தில் கம்ப்யூட்டர் திரை மறுபடியும் கறுத்தது. காற்றாடிகள் மட்டும் நிற்காமல் ஓடின. பக்கத்தில் ரைஸ் மில் ஓடுவது போன்ற சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. மாலை ஆறு மணிக்குள் நான் ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். இன்னும் கட்டப்படாத ஒரு வீட்டின் வாசலில் நுழைந்து, கூடம், சமையலறை, மாடிப்படி என்று சுற்றிவரும் இரண்டு நிமிட வீடியோ. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம் வைத்த தேர்வு அது. வீட்டை வரைந்து முடித்துவிட்டேன். வரைந்ததை வீடியோவாக்க என் கம்ப்யூட்டருக்கு ஆறு மணி நேரம் வேண்டும்; அதுவோ இருபத்திரண்டு நிமிடத்தில் நின்றுபோகிறது. பன்னிரண்டு மணிக்குள் தொடங்கினால்தான் முடியும்.

தேறினால் வீட்டிலிருந்தே வேலை. எனக்கு அதுதான் முக்கியம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்ததும் இரண்டு வருடம் அன்னவாசலில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்தேன். தினமும் வகுப்புக்குள் போகும்முன் வாசலில் நின்று முதல் வரியைப் பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பேன்; அப்படியும் பயம் போகாது. யார் முன்னாலும் நின்று பேசாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபோது, டியூஷன் சம்பளம் முழுவதையும் போட்டு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன்.

கேம் ஆடுகிறவர்களுக்கான கம்ப்யூட்டர். ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே கலர் விளக்கு. அம்மா அதை "கேம் பொட்டி" என்பாள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் அதன் உயிர். செங்கல் அளவு கனம், அடியில் இரண்டு காற்றாடிகள், மேலே கறுப்புத் தகடு.

எல்லாவற்றையும் பூட்டித் தந்தவர் எழிலரசன் மச்சான், என் அத்தை மகன். புதுக்கோட்டையில் புதிதாக சர்வீஸ் கடை போட்டிருக்கிறார். சென்னையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு கார்டு வரவழைத்தார். ஒன்று எனக்கு. இன்னொன்று கல்யாண வீடியோ எடுக்கும் சூசைராஜ் சாருக்கு. எனக்கும் மச்சானுக்கும் தை மாதம் கல்யாணம் பேசி முடிப்பதாக இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. மறுக்க எனக்குக் காரணமும் இருக்கவில்லை. சைக்கிளோ கம்ப்யூட்டரோ, என் பொருளைத் தொடும்போது அவர் கையைத் துடைத்துக்கொள்வார். அது எனக்குப் பிடிக்கும்.

மே மாதம் கறம்பக்குடியில் சித்தி வீட்டுக் காதுகுத்துக்குப் போய் ஒரு வாரம் இருந்தேன். அந்த வாரத்தில் அவர் கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப்போய் தூசி தட்டி வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. அவராகச் செய்தது. திரும்பி வந்த நாளிலிருந்து சத்தமும் சூடும்தான். மெசேஜ் அனுப்பியதும் வந்தார். கண்ணாடிமேல் கையை வைத்துப் பார்த்தார்.

"வெயில் புள்ள. அன்னவாசல் வெயிலுக்கு மனுசனே ஹேங் ஆயிடுறான், இது மெசினு" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போது ஆடி. சத்தம் குறையவில்லை.

திரை கறுத்ததும் முறையாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் கண்ணாடியைக் கழற்றி டேபிள் ஃபேனை உள்ளே திருப்பினேன். அப்படியும் தொண்ணூறு டிகிரி. முன்பெல்லாம் எழுபத்தைந்தைத் தாண்டியதில்லை. பெட்டியின் மற்ற காற்றாடிகள் ஒழுங்காகச் சுற்றின. பிரஷ்ஷால் துடைத்தேன், தூசியே இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கார்டின் காற்றாடிகளைக் காது குடையும் பட்ஸால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்று வழுவழுவென்று சுற்றி நின்றது. மற்றது கரகரத்தது. அதன் நடுவில் ஆட்டம் இருந்தது.

ஒன்றரை வருடத்தில் காற்றாடி இப்படித் தேயாது. ஆனால் வாரண்டி இருக்கிறதே என்று ஒரு நிம்மதி. கார்டைக் கழற்றி மேசையில் கவிழ்த்தேன். திருகாணியை மூடி ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கர் நடுவில் கிழிந்திருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள். தூசி தட்டும்போது மச்சான் திறந்திருப்பார் என்று நினைத்தேன். கேட்டுக்கொள்ளலாம்.

வாரண்டிக்கு எழுதலாம் என்றால், கார்டு நிறுவனத்தின் வலைப்பக்கம் வரிசை எண் கேட்டது. கார்டில் இருந்த எண் 0418 என்று முடிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்தேன். பெட்டியில் 0417. பில்லை எடுத்தேன். அதிலும் 0417.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

அடுத்தடுத்த எண்கள். என் முன்னால் இருந்தது சூசைராஜ் சாரின் கார்டு.

ஆனாலும் மனம் ஒரு வழி தேடியது. இரண்டு கார்டும் ஒரே நாளில் வந்தவை. அன்றைக்கே பெட்டி மாறியிருக்கலாம், பில்லும் அந்தப் பெட்டியைப் பார்த்துப் போட்டதாக இருக்கலாம். அப்படியானால் இது ஆரம்பத்திலிருந்தே என் கார்டுதான். அதற்குச் சாட்சியும் இருந்தது. தகட்டின் மேல், போன ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும். "கேம் பொட்டிக்கும் வைக்கணும்ல, அதுதானே ஒனக்குச் சோறு போடப் போவுது" என்று கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வைத்தாள். நான் துடைக்கவேயில்லை. வேறு கார்டாக இருந்தால் பொட்டு எப்படி வரும்?

கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பொட்டை நகத்தால் சுரண்டினேன். சந்தன வாசனை வந்தது.

பத்து மாதம், தினமும் எழுபது டிகிரி சூட்டில் இருந்த சந்தனம் மணக்காது. குங்குமம் கறுத்திருக்கும். இது சிவப்பாக இருந்தது. வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் இருக்காது.

மச்சான் வைத்திருக்கிறார். என்னை ஏமாற்ற, அம்மா வைத்தது போலவே வைத்திருக்கிறார். உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். எழும்போதுதான் பொட்டின் நடுவில் இருந்த கோட்டைக் கவனித்தேன்.

சந்தனத்தின் குறுக்கே மெல்லிய கோடு. அம்மாவின் மோதிர விரல் நுனியில் அரிவாள்மணை வெட்டிய பழைய தழும்பு உண்டு. அவள் எங்கே பொட்டு வைத்தாலும் அந்தக் கோடு விழும். நிலைப்படியில், கிரைண்டரில், என் ஸ்கூட்டியில்.

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கார்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன்.

"என்னடி, பொட்டியப் பிரிச்சுப் போட்டுட்டியா? மறுபடி பூட்டத் தெரியுமா?"

"இந்தப் பொட்டு எப்பம்மா வச்ச?"

"ஆயுத பூசைக்கு."

"அது வேற கார்டு."

அம்மா மாவுக்கையோடு நின்றாள். பிறகு குனிந்து மாவைத் தள்ளினாள்.

"அவன் வந்து அழுவாத கொறையா நின்னான்டி. அந்த வீடியோக்காரரு கார்டப் பிரிச்சு இவன் என்னமோ பண்ணிக் கெடுத்துட்டான். அவரு கடைக்கு முன்னாடி ஆளக் கூட்டுவேன்னு நிக்கிறாராம். கடை போட்டு ரெண்டு வருசம் ஆவல. பேரு கெட்டுப்போனா யாரு வருவா?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட."

அது உண்மைதான்.

"நாளைக்கு அந்தக் கடை யாரோடது? ஒன்னோடதுதானே. ஒம் பொருள ஒம் வீட்டுக்குத்தான் எடுத்துக் குடுத்தேன். அசலூர்க்காரனுக்கா குடுத்தேன்?"

"பொட்டு எதுக்கும்மா வச்ச?"

"பொட்டு இல்லன்னா நீ பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவன்னு அவன் சொன்னான்." சொல்லிவிட்டு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "சும்மா வைக்கலடி. நல்லா ஓடணும்னு சாமிய வேண்டிக்கிட்டுத்தான் வச்சேன்."

"எனக்கு இன்னைக்கு ஆறு மணிக்கு அனுப்பணும்னு தெரியும்ல?"

"இந்த வேலை இல்லன்னா இன்னொண்ணு. என் ஆத்தால்ல. கண்ணத் தொடச்சுக்க. தோசை ஊத்தவா?"

நான் அழவில்லை. அவள் பழக்கத்தில் சொன்னாள்.

அறைக்கு வந்து சிறிது நேரத்தில் போன் அடித்தது. மச்சான். அம்மா அதற்குள் சொல்லிவிட்டாள்.

"வல்லி, கோவமா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன். தீபாவளிக்குள்ள புதுசு வாங்கித் தந்துர்றேன், சத்தியமா."

"எனக்கு என் கார்டு வேணும். இன்னைக்கு."

அவரிடம் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

"அது சூசைராஜ் சார்ட்ட போயி மூணு மாசம் ஆச்சு புள்ள. எப்புடிப் போய்க் கேக்குறது? ஒண்ணு யோசிச்சுப் பாரு. இந்த வேலைக்கு எதுக்கு இவ்வளவு டென்சன்? நம்ம கடையிலயே வந்து உக்காந்துக்க. நீ யார்கிட்டயும் பேச வேண்டாம். நான் பேசிக்கிறேன்."

என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். எங்கே பயப்படுவேன், எதைக் கவனிப்பேன், எதைக் கேட்காமல் விட்டுவிடுவேன் எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார். போனை வைத்தேன்.

மணி பத்தேகால்.

கார்டின் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே சிப்பின்மேல் வெள்ளைப் பசையை அள்ளி அப்பியிருந்தார்கள். சிப்பின் சூட்டை மேலே இருக்கும் உலோகத்துக்குக் கடத்துவது அந்தப் பசைதான். மெல்லிய படலமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் அதுவே போர்வை. வழிந்ததையெல்லாம் துடைத்து, மீதியைப் பழைய ஏ.டி.எம். கார்டால் ஒரே சீராக இழுத்தேன். சரியான வேலை இல்லை. புதுப் பசைக்கு அன்னவாசலில் ஞாயிற்றுக்கிழமை யாரிடம் போவது?

கரகரத்த காற்றாடியைப் பிடுங்கிவிட்டேன். பெட்டியின் முன்பக்கக் காற்றாடி ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் கேபிள் கட்டும் டேக்கால் இறுக்கினேன். கார்டு எடுக்கும் மின்சாரத்தை நூற்றுக்கு அறுபத்தைந்தாகக் குறைத்தேன். நேரத்துக்குள் முடிய வீடியோவின் தெளிவையும் பாதியாக்கினேன். கண்ணாடியைப் பூட்டவில்லை.

பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கினேன். இருபத்திரண்டாவது நிமிடம் தாண்டியது. எண்பத்திரண்டு டிகிரி. நாற்பதாவது நிமிடமும் தாண்டியது. எண்பத்துமூன்றில் நின்றது.

அம்மா ஒரு தட்டில் தோசை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன். பசித்தது.

ஐந்து முப்பத்தெட்டுக்கு முடிந்தது. ஓட்டிப் பார்த்தேன். மாடிப்படியில் நிழல் புள்ளி புள்ளியாக இருந்தது. சுவரின் ஓரங்கள் மங்கல். எனக்குத் தெரிந்த அந்த வீடு அதில் பாதிதான் இருந்தது. சரிசெய்ய நேரமில்லை. ஏற்றினேன்.

ஏற்றி முடிந்ததும் ஒரு பக்கம் திறந்தது. பெயர், படிப்பு, போன் நம்பர். கடைசியில் ஒரு கேள்வி. எங்கிருந்து வேலை செய்ய விரும்புகிறீர்கள்? வீட்டிலிருந்து. கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து.

கூடத்தில் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். அத்தையிடம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி. அவ வாயத் தொறந்து பேசுனாளாக்கும்? ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுருப்பா, பெறகு சரியாப் போயிரும். இங்கிட்டு நான் பாத்துக்குறேன். நீங்க தையிலயே வச்சுக்கங்க."

சிரித்தாள். அந்தப் பக்கம் அத்தையும் சிரித்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் எனக்கு யாரையும் தெரியாது. அலுவலகம் என்றால் எத்தனை பேர் இருப்பார்கள், முதல் நாள் என்ன கேட்பார்கள், எங்கே தங்குவது. என் பெயர் வல்லி என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன், டியூஷன் வகுப்பு வாசலில் சொல்லிப் பார்ப்பது போலவே.

இரண்டாவதை அழுத்தினேன்.