செல்லத்தாய் பார்த்த சிங்கப்பூர்

செல்லத்தாய் சிங்கப்பூர் போகப்போகிறாள் என்ற பேச்சு கிளம்பியபோது அதை நம்பாத முதல் ஆள் அவள் புருஷன் வெள்ளைத்துரைதான். திருமங்கலத்தில் பருத்தி கமிஷன் கடை வைத்திருப்பவர். வியாபாரத்துக்காக விருதுநகர் வரைக்கும் போவார், அதற்கு அப்பால் அவருக்கு உலகம் தேவைப்பட்டதில்லை.

"உன் தம்பி பேச்சுக்குச் சொல்லியிருப்பான்" என்றார்.

ஆனால் அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தம்பி மருது சொன்னபடியே இரண்டு டிக்கெட் அனுப்பிவிட்டான். எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு இருவரும் மெட்ராஸ் போய் விமானம் ஏறினார்கள்.

மருதுவுக்குப் பன்னிரண்டாவது மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் கடலும் கப்பலும் தெரிந்தன. செல்லத்தாய்க்கு அந்த ஊர் வந்த அன்றைக்கே பிடித்துப்போயிற்று. கழுவிவிட்டதுபோல் கிடந்த ரோடு, திடீரென்று கொட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் ஓய்ந்துவிடும் மழை, தேக்கா மார்க்கெட்டில் சீனக்காரி ஒருத்தி "வாங்கம்மா" என்று கூப்பிட்டுக் கத்திரிக்காய் விற்றது, எல்லாமே பிடித்தது. வெள்ளைத்துரைக்கு மருது மாட்டிவிட்ட பேண்ட்தான் பெரிய உபத்திரவமாக இருந்தது. "என்ன இருந்து என்ன மாப்ள, காத்தாட ஒரு வேட்டி கட்ட முடியலையே" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

ஒருநாள் மருது அவர்களை ஆர்ச்சர்ட் ரோட்டில் ஏழு மாடிக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனான். உள்ளே நுழைந்ததும், "அக்கா, ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிட்டு வாரேன். ரெண்டு பேரும் இங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எதிரே தானாக நகரும் படிக்கட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. வெள்ளைத்துரை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பருத்தி மூட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒரு காலை மட்டும் அதன்மேல் வைத்தார். அவ்வளவுதான், படி அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாதி உயரத்தில் திரும்பி, எதிர்த்து இறங்கப் பார்த்தார். இரண்டு படி இறங்கினால் மூன்று படி மேலே போனார். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தன. பாவம் மனுஷன், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு மேல்மாடிக்குள் மறைந்துபோனார்.

செல்லத்தாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. நேரம் ஆக ஆகப் பயம் வந்தது. மருதுவையும் காணோம், இவரையும் காணோம். ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு நகர்ந்து எட்டிப் பார்த்ததில் நின்ற இடமே மாறிப்போயிற்று. கடைசியில் சென்ட் பாட்டில்கள் அடுக்கிய ஒரு மேஜைப் பக்கம் கண் கலங்க நின்றாள்.

அங்கே விற்க நின்ற மலாய்ப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கலங்கிய கண்ணைத் தெரிந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். பிறகு ஒரு பாட்டிலை எடுத்து இவள் மணிக்கட்டில் லேசாகப் பீய்ச்சினாள். முகர்ந்து பார்த்தால் மல்லிகை வாசம்.

"எங்க மதுரைப் பூவு தாயி இது!" என்றாள் செல்லத்தாய். அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டார்கள்.

அப்போது கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் என்னவோ சொன்னது. நடுவில் "மேடம் செலாத்தே" என்றது. இவள் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே கூரையிலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

செல்லத்தாய் துள்ளி எழுந்துவிட்டாள். அது அவள் அன்றாடம் கேட்கும் கனைப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பக்கத்தில் இருந்தால் "இந்தா" என்பார், அடுப்படியில் இருந்தால் கனைப்பார். மாமியார் மாமனார் நிறைந்த வீட்டில் வந்த பழக்கம், அவர்கள் போன பிறகும் அப்படியே நின்றுவிட்டது.

இன்னொரு கனைப்பு. "கூப்பிடுங்க மச்சான்" என்று மருதுவின் குரல் ரகசியமாகக் கேட்டது. பிறகு, நடுங்கிக்கொண்டு, ஏழு மாடிக்கும் கேட்கிற மாதிரி அது வந்தது.

"செல்லத்தாயி... ஏ செல்லத்தாயி... எங்கிட்டு இருக்க?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மலாய்ப் பெண் கூரையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்லத்தாய் மெள்ள நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

"செல்லத்தாயி! மாப்ள என்னைய கீழ கூட்டியாந்துட்டான். பயப்படாத. வந்துரு ஆத்தா."

அந்தக் குரல் கடைசியில் உடைந்துபோனதும் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் வழி காட்ட, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மைக் இருந்த மேஜையருகே வெள்ளைத்துரை வேர்த்து நனைந்து நின்றார். அவளைக் கண்டதும் கோபமாக ஆரம்பித்தார்.

"எங்க போய்த் தொலைஞ்ச? எம்புட்டு நேரம் கத்துறது?"

"மொதத் தடவையே கேட்டுச்சு" என்றாள் அவள். "இன்னொருக்கா கூப்புடுவீகளான்னுதான் உக்காந்திருந்தேன்."

அவர் காதுமடல் சிவக்க மருதுவைப் பார்த்து, "சிரிக்காத மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் மருது லீவு போடப் போனபோது வெள்ளைத்துரை தடுத்தார். "நீ வேலைக்குப் போ மாப்ள. நாங்களே சுத்திக்கிறோம்."

வந்து நின்ற ஏதோ ஒரு பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். எங்கே இறங்குவதென்று தெரியாமல் கடைசிவரை போனார்கள். டிரைவர் கை காட்டி இறக்கிவிட்ட இடத்தில் தென்னை மரங்களும் அலையில்லாத கடலும் இருந்தன. செல்லத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். பேசிக்கொண்டே நின்றார்கள், ஊர் விஷயம் ஒன்றுகூடப் பேசவில்லை.

வெயில் ஏறியதும், "நில்லு, அந்தக் கடையில போயி திரும்புற வழி கேட்டுட்டு வாரேன்" என்று போனார். திரும்பி வந்தவர் கையில் குச்சியில் செருகிய இரண்டு அன்னாசித் துண்டுகள் இருந்தன.

"வழி கேட்டீகளா?"

"அட, மறந்துட்டேன்" என்றார் வெள்ளைத்துரை. பெரிய துண்டை அவளிடம் நீட்டிவிட்டு, மணலில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.