பாத்ரூம் வாசலில் ஒரு நாற்காலி

"சும்மா உக்கார வச்சுச் சம்பளம் குடுக்குறான். உனக்கு என்னடி கசக்குது?"

மாமியார் கேட்டபோது அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள். கோபம் எல்லாம் சீப்பின் மேல் போனது.

புருஷன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அம்மாவுக்கு ஒத்து ஊதினான். "இல்லன்னா ஒரு தொகையப் பேசி வாங்கிக்கிட்டு வேலைய விட்டு வந்துடு. எத்தனை நாளைக்குத்தான் பாத்ரூம் வாசல்ல காவல் காப்ப?"

"வேலையக் குடுன்னு கேட்டுத்தாங்க கோர்ட் படி ஏறினேன். நாற்காலி கேட்டா ஏறினேன்?"

"கோர்ட்டுக்குப் போனதுல இருந்து இவ வாய்க்கு நம்ம வீட்டுல பதிலே இல்லம்மா" என்று அவன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனான்.

அவள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் செய்கிறவள். அங்கே பேக்கிங் பெண்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. சுவரில் ஆணி, ஆணியில் ஒரு மரக்கட்டை. பாத்ரூம் போகிறவள் அந்தக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். ஒரு நாள் கட்டை வெளியே போயிருந்த நேரம் இவளுக்கு அடக்க முடியவில்லை. கட்டை இல்லாமலே போய்விட்டாள். "மனுஷங்க தேவைக்குக் கட்டை எதுக்கு சார்?" என்று வேறு கேட்டுவிட்டாள். அன்றைக்கே வேலை போயிற்று.

நீக்கியது தப்பு, பழைய வேலையிலேயே மறுபடி சேர்க்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. கம்பெனி பாதிதான் கேட்டது. சேர்த்துக்கொண்டது, வேலை தரவில்லை. பாத்ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "வேலை வரும்போது சொல்றேன், அதுவரைக்கும் உக்காரு" என்றார் மேனேஜர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் என்றே பேர். வெட்கத்தில் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்பது அவர் போட்ட கணக்கு.

முதல் சில நாள் கணக்கு பலிக்கும் போலத்தான் இருந்தது. அவள் தலை நிமிரவே இல்லை. விரல்கள் மட்டும் கைக்குட்டையைப் பாக்கெட் மடிப்பது போல மடித்து மடித்துப் பிரித்தன.

ஆனால் விசில் ஒன்றை யோசிக்கவில்லை. எல்லோரும் வந்தே தீர வேண்டிய இடம் அது. அதுவும் கட்டை புண்ணியத்தில் ஒவ்வொருத்தியாக, தனியாக வருகிற இடம்.

முதலில் வந்தவள் மாசமாக இருந்த ஒரு சின்னப்பெண்.

"அக்கா, ராஜினாமா எழுதிக் குடுன்னு விசில் சொல்றாரு. புள்ள பொறந்தப்புறம் மறுபடி சேந்துக்கலாமாம்."

"எழுதிடாத. எழுதினா நீயா போனதா ஆயிடும். லீவுதான் வேணும்னு சொல்லு."

"பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் இல்லையா? ஜட்ஜ் பேரு கேட்டப்ப மாமியார் பேரச் சொல்லிட்டேன். வேலைய மட்டும் சரியாக் கேட்டுட்டேன்."

சின்னவள் சிரித்துக்கொண்டே போனாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஓவர்டைம் பற்றிக் கேட்க ஒருத்தி, சூப்பர்வைசரின் கைச்சேட்டையைச் சொல்ல ஒருத்தி, வெறுமனே மாமியாரைத் திட்டிவிட்டுப் போக ஒருத்தி. பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காதவர்கள் பாட்டில் பாட்டிலாகக் குடித்தார்கள். கட்டைக்கு ஆணியில் தொங்க நேரமே இல்லை.

"என்னம்மா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல என்ன கோளாறு?" என்றார் விசில்.

"கம்பெனித் தண்ணி அவ்வளவு ருசி சார்!" என்றாள் ஒருத்தி.

தனியாகப் போவதால்தானே பேச்சு வளர்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கட்டையைப் பிடுங்கித் தூக்கிப் போட்டார். "இனிமே கட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேந்து போங்க, சீக்கிரம் வாங்க!"

இதைக் கேட்டதற்குத்தான் ஒருத்திக்கு வேலை போனது. பெண்கள் கை தட்டினார்கள். விசிலும் ஏதோ பெருமையாகத் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து ஐந்தாறு பேராக வந்தார்கள். பேச்சு கூட்டமாயிற்று. சின்னவளைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டபோது டேபிளில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். "அவ லீவுலதான் சார் போவா."

விசில் பாத்ரூம் வாசலுக்கு ஓடினார்.

"எந்திரி. நாளையில இருந்து கேட்ல உக்காரு."

"கேட்லயா? எல்லா ஷிப்டும் வந்து போற இடமாச்சே. ரொம்ப சந்தோஷம் சார்."

அவர் விழித்தார். "வேணாம். குடோன்ல..."

"லோடு ஏத்துற அண்ணன்மாருங்களும் என்னைப் பாக்கணும்னு சொல்லி அனுப்பிக்கிட்டே இருக்காங்க சார்."

"போய்த் தொலை! உன் பழைய டேபிளுக்கே போ!"

கோர்ட் சொன்னதும் அதுதான். அவள் எழுந்தாள். போகும்போது நாற்காலியையும் தூக்கிக்கொண்டாள். பேக்கிங்கில் எல்லோரும் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். அவள் நாற்காலியைச் சின்னவளுக்குப் பின்னால் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏய்! அது எதுக்கு இங்க?" என்று பின்னாலேயே வந்தார் விசில்.

"நீங்க எனக்குன்னு போட்டதுதான சார். உக்காந்து உக்காந்து எனக்கு அலுத்துப்போச்சு. நான் நின்னுக்கிறேன்."

ஓடும் பெல்ட்டில் பிஸ்கட் வந்தது. அவள் கை தானாக முதல் பாக்கெட்டை மடித்தது.

டேபிளின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"சார், எங்களையெல்லாம் எப்ப சார் வேலைய விட்டுத் தூக்குவீங்க? எங்களுக்கும் ஒரு நாற்காலி வேணும்!"