கங்கம்மாவின் நடுக்கம்

காக்களூர் பெயிண்ட் பவுடர் கம்பெனியில் பாய்லர் வெடித்த 1972ஆம் வருடத்திலிருந்து, கங்கம்மா நின்ற இடமெல்லாம் தரை நடுங்கியது. அவள் வந்தால் டீக்கடைக்காரர் கிளாஸ்களைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொள்வார். உடம்பில் காயம் கிடையாது. பக்கத்தில் நின்று வேலை செய்த தணிகாசலம் செத்துப்போனான், இவள் பிழைத்தாள், அவ்வளவுதான். கம்பெனி டாக்டர் தைரியமாக இருக்கச் சொல்லி, அதற்கு மாத்திரையும் கொடுத்தார். அவளும் பல்லைக் கடித்துத் தைரியமாக இருந்தாள். அடக்க அடக்க நடுக்கம் கூடியது. தூக்கினால் கைக்குழந்தை வீரிட்டதால், மாமியார் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மேனேஜர் ஆதிகேசவன் இரக்கமுள்ளவர். மின்வெட்டில் சல்லடை மெஷின் நின்றபோது அவளை அதன்மேல் உட்காரவைத்தார். கரண்ட் இல்லாமலே பவுடர் சலித்துக் கொட்டியது. டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆயுதபூஜையன்று மேனேஜர் அவளை மேடையேற்றி, தொழிலாளியின் மனவுறுதி பற்றிப் பேசினார். மேடை ஆடியதால் சுருக்கமாகப் பேசினார்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. வெடித்த அன்று அதே ஷெட்டில் இருந்த கிரேஸ், ஒரு சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றச் சொன்னாள். முதுகோடு முதுகு ஒட்டி நின்றாள்.

"இன்னாத்துக்கு அடக்கிக்கினு கீறே? அன்னிக்கு கேட்டைப் பூட்டி வெச்சிருந்தானுங்க, ஓட முடியல. அந்த ஓட்டம் ஒடம்புலயே கீது. ஆடட்டும் உடு."

"உட்டா நிக்காதுக்கா."

"நிக்காட்டிப் போவுது. நான் கீறேன்."

கங்கம்மா கடித்த பல்லை விட்டாள். முட்டி ஆடியது, இடுப்பு, தோள், தாடை எல்லாம் ஆடின. அன்று வராத அலறல் இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது. ரோட்டில் மாடுகள் உட்கார்ந்துவிட்டன. கிரேஸ் நகரவில்லை. நடுக்கம் பாதம் வழியாக மண்ணில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

சாயங்காலமே கங்கம்மா மாமியார் வீட்டுக்குப் போய்க் குழந்தையை வாங்கினாள். தோளில் போட்டதும் அது தூங்கிப்போயிற்று. நடுக்கம் நின்றதற்கு மேனேஜர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அந்த மண் மட்டும் ஓயவில்லை. பிற்பாடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி விபத்துகளில் தப்பியவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, வெறுங்காலோடு நின்று, ஆடி அழுதுவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்தார் 'நடுக்கமேடு' என்று பலகை நட்டார்கள். பலகை ஆடிக்கொண்டே இருக்கும். படிக்க வேண்டியவர்கள் அதோடு சேர்ந்து ஆடிப் படித்துக்கொண்டார்கள்.