படத்துக்கு வெளியே இருந்த கை

மெழுகு இறுகுவதற்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் வலது கையை மேசைமேல் நீட்டி வைத்திருந்தாள். அவன் கழுத்தில் கேமரா தொங்கியது. உருக்கிய மெழுகில் மணிக்கட்டு வரை அந்தக் கையை முக்கி எடுத்து, பிளாஸ்டிக் பையால் மூடி, மேலே ஒரு துண்டைச் சுற்றியிருந்தார் தெரபிஸ்ட். வெதுவெதுப்பு உள்ளே இறங்கினால்தான் சுருண்டு போன விரல்கள் கொஞ்சமாவது இளகும்.

"சூட்டுல போன கைய சூட்டுலயே திருப்பிக் கொண்டு வர்றாங்க சார்," என்றார் அவள் கணவர். பெயின்ட் அடிக்கிறவர். எந்த வீட்டுச் சுவரோ, அதன் நீலம் அவர் காதோரத்தில் ஒட்டியிருந்தது. "இதுவரைக்கும் உரிச்ச மெழுகச் சேத்து வெச்சிருந்தா இந்நேரம் ஊருக்கே மெழுகுவத்தி கொடுத்திருக்கலாம்."

"கொஞ்சம் சும்மா இருங்க. தம்பி வேலையா வந்திருக்கு," என்றாள் அவள்.

தம்பி என்று அவள் சொன்னது அவனை. அந்தச் சிகிச்சை அறையை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வழக்கமாக அங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள் கல்லூரி முடித்த கையோடு வரும் பிள்ளைகள். இவன் அவர்களைவிட மூத்தவன். மனைவியின் நோய்க்காக இருந்த வேலையை விட்டான். பிறகு மனைவியும் போய்விட்டாள். "சுவத்தப் பாத்து உக்காந்திருந்தா சுவரு பேசிடுமா மாப்ள," என்று மனைவியின் அண்ணன்தான் யார் யாரையோ பிடித்து இங்கே சேர்த்துவிட்டார். சேர் என்றார், சேர்ந்தான்.

துண்டைப் பிரித்து மெழுகை உரித்தார் தெரபிஸ்ட். கையுறை போல முழுசாக வந்தது. உள்ளே இருந்த கை இளஞ்சிவப்பாக, வழவழவென்று, வேறு யாருடையதோ போல இருந்தது. விரல்கள் நிமிரவில்லை. கொக்கி மாதிரி வளைந்தே நின்றன.

ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் தள்ளிவிட வேண்டும்; அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்புக் கலையாமல் வரும். ஒரு நாள் விரிப்பின் ஓரம் மடங்கியது. நீவிவிடப் போனாள். உருளை துணியோடு விரல்களையும் இழுத்துக்கொண்டது. கையைத் தடுக்கும் கம்பியை, வேகம் குறைகிறதென்று எப்போதோ கழற்றிப் போட்டிருந்தார்கள்.

"அடுத்த மாசம் லேபர் ஆபீஸ்ல விசாரணை தம்பி," என்றாள். "நஷ்ட ஈடு வந்தா இன்னொரு ஆபரேஷன் பண்ணிடலாம்ங்கறார் டாக்டர். தோலைக் கீறி விட்டா விரலு நிமிரும். ஆனா இந்த வருஷத்துக்குள்ள பண்ணணும். விட்டா மூட்டு இப்படியே கட்டிப் போயிடுமாம்."

அவன் தலையாட்டினான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

வாளி தூக்குகிற மாதிரி படம் வேண்டும் என்று அவன் பிரிவின் தலைவியான மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். தெரபிஸ்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. "அரை வாளிக்கு மேல வேண்டாம். கொக்கி மாதிரி பிடிய மாட்டிக்கலாம், அவ்வளவுதான். பாரத்த இடது கைதான் அடியில தாங்கணும்."

அப்படியே தூக்கினாள். வலது கை பிடியில் மாட்டியிருந்தது. இடது உள்ளங்கை வாளியின் அடியில் விரிந்திருந்தது. முதல் தடவை முகம் சுளித்தாள்.

"அக்கா, வலிய மூஞ்சில காட்டாதீங்க. நீங்க ஜெயிச்ச மாதிரி பாருங்க."

"எங்க ஜெயிச்சேன் தம்பி?"

"ஏன், என்னைக் கட்டிக்கிட்டதே பெரிய ஜெயிப்புதான்," என்றார் பெயின்டர்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு படத்தில் விழுந்தது.

அலுவலகத்தில் படங்களைக் கணினியில் விரித்தபோது மேடம் பின்னால் வந்து நின்றார். பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தில் கொட்டை போட்டவர். பாதிச் சம்பளம் போதும் என்று இங்கே வந்தவர். கோபமே வராது. அவன் மேசையில் காலையில் ஒரு பழத்தை வைத்துவிட்டுப் போவார், எதற்கென்று சொல்லாமல்.

"முகம் பிரமாதம். ஆனா இந்த இடது கைதான், கண்ணு அங்கேயே போகுது."

"அதுதான் மேடம் வாளியத் தாங்குது."

"எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பாக்கறவங்களுக்கு ஒரு படத்துல ஒரு சேதிதான் வைக்கணும். ரெண்டு வெச்சா ஒண்ணும் போய்ச் சேராது. பாதிக்கப்பட்டவங்கன்னு எழுதினா இரக்கப்பட்டுட்டுப் பக்கத்தத் திருப்பிடுவாங்க. மீண்டவங்கன்னு எழுதினாதான் பணம் கொடுக்கத் தோணும்."

போன் அடித்தது. மேடம் பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டார். கையை வெட்டிவிடு என்று அவர் சொல்லவில்லை. அதைப் பிறகு அவன் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தான். சொல்லவே இல்லை.

அவன்தான் படத்தின் கீழ்விளிம்பை மேலே இழுத்தான். வாளியின் அடிப்பாகம் போனது, இடது கை போனது. சிரித்த முகம், வளைந்த விரல்கள், பளபளக்கும் பிடி. படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. கீழே எழுதினான்: 'இன்று இவர் யார் துணையுமின்றி நிறைவாளியைத் தூக்குகிறார். பழைய வேலை எதுவும் இனி இவருக்குப் பாரமில்லை.'

அரை வாளி என்று அவனுக்குத் தெரியும். நிறைவாளி என்பதில் ஓசை இருந்தது.

மேடம் திரும்பி வந்து வாசித்தார். தோளில் தட்டினார். "உனக்கு வருதுப்பா. இது சொல்லிக் கொடுத்து வர்றதில்ல." அன்று மதியம் அவனுக்குப் பசித்தது. மனைவி போன பிறகு நேரம் பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்று வயிறு கேட்டது. சுடச்சுட வாங்கி, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

படம் செய்தித்தாளில் வந்தது. நிறுவனத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு வைத்தார்கள். ஒரு வங்கி, கை சிகிச்சைப் பிரிவுக்குப் புதுக் கருவிகள் வாங்கித் தருவதாக எழுதியது. மச்சான் போன் செய்து, "மாப்ள, ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன்," என்றார். பெயின்டர் பேப்பரைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலை செய்யும் வீட்டிலெல்லாம் காட்டினார். "நம்ம வீட்டம்மா. ஆமா, பேப்பர்ல வந்தவங்கதான். நான் சும்மா அவங்க டிரைவர்."

விசாரணை நடந்ததற்கு மறுநாள் அதே பெயின்டர் அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் நின்ற தன் மனைவியின் படத்தைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். வந்தவர் உட்காரவில்லை.

"கம்பெனி வக்கீலு நம்ம பேப்பரையே நீட்டிட்டாரு சார். கை சரியாப் போச்சுன்னு அவங்களே பத்திரிகையில சொல்லியிருக்காங்க, இதுக்கு மேல எதுக்கு நஷ்ட ஈடுன்னு கேக்கறாரு. அதிகாரியும் பாத்தாரு. எங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அன்னைக்கு நீங்க எடுத்ததுல இடது கை தெரியற மாதிரி ஒண்ணு இருக்கும்ல? அது கிடைச்சா அடுத்த வாய்தாவுல காட்டலாம்."

இருந்தது. முழுப் படமும் அலுவலகக் கணினியில்தான் இருந்தது. அவன் மேடத்தின் அறைக்குப் போனான்.

மேடம் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மறுப்பு விட்டா என்ன ஆகும் தெரியுமா? முதல் செய்தியப் படிக்காதவனும் மறுப்பப் படிப்பான். அந்த பேங்க் பின்வாங்கிடும். கருவி வராது. அந்தம்மா மாதிரி தினம் எத்தனை பேரு அந்த ரூம்ல கைய நீட்டிட்டு உக்காந்திருக்காங்க, நீயே பாத்திருக்க."

"படத்த மட்டும் கொடுத்தா போதும் மேடம்."

"படமே மறுப்புதாம்பா." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் கெட்டவ இல்ல. அந்தம்மாவுக்கு வேற ஏதாவது வழி பாக்கலாம். இது மட்டும் வேண்டாம்."

அவர் கெட்டவர் இல்லைதான். அதுவே அவனுக்குச் சிரமமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் பாதியை அவர்மேல் இறக்கி வைத்திருக்கலாம்.

படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டான். அடுத்த விசாரணைக்கு அவனே போனான். வேலைக்கு லீவு சொல்லவில்லை. இனி சொல்லத் தேவை இருக்காது என்று தெரிந்தது.

தொழிலாளர் அதிகாரியின் அறை சின்னது. வெளியே பெஞ்சில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அதிகாரி, கம்பெனி வக்கீல், அவளும் அவள் கணவரும், பிறகு அவன். அவள் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடியிருந்தாள்.

அதிகாரி இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "படத்த வெட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"கீழ இருக்கற வரி?"

"அதுவும் நான்தான். அது உண்மையில்ல. அரை வாளிதான் இருந்துச்சு. இடது கைதான் தாங்குச்சு."

வக்கீல் எழுந்தார். வயதானவர், நிதானமான குரல். "தம்பி, அப்ப பத்திரிகையில பொய் எழுதினீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

"நிறுவனத்துக்கு நல்லதுன்னு."

"அன்னைக்கு நிறுவனத்துக்கு நல்லதுன்னு ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு இந்தம்மாவுக்கு நல்லதுன்னு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு வேற யாருக்காவது நல்லதுன்னா?" அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார். சாட்சியே தன்னைப் பத்திச் சொல்லிட்டாரு."

அவன் அறிக்கை எழுத, தலைப்புப் போட, கூட்டத்தில் எப்போது மௌனமாக இருக்க வேண்டுமென்று பார்க்க, எல்லாம் அந்தப் பயிற்சியில் கற்றிருந்தான். தன்னை நம்பும்படி ஒருவரிடம் பேச யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். மருத்துவக் குழு ஒன்று கையைப் பரிசோதித்துச் சொல்லட்டும் என்றார். குழு எப்போது கூடும் என்று பெயின்டர் கேட்டார். இந்த வருஷம் முடிந்த பிறகுதான் என்றார் அதிகாரி. அதுவரை கம்பெனி அவளை அதே வேலையில் திருப்பி எடுத்துக்கொள்ளத் தயார் என்றார் வக்கீல். வராவிட்டால் வேலையை அவளாகவே விட்டதாக எடுத்துக்கொள்வார்கள். வழக்கும் அதோடு நீர்த்துப் போகும்.

வெளியே படியில் நின்றார்கள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"விடு தம்பி. நீ வந்து சொன்னியே, யாரு வருவா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "என்னைக்கும் படத்துல என் மூஞ்சி கோணலாத்தான் விழும். கல்யாணப் படத்துலயே அப்படித்தான். நீ எடுத்தது ஒண்ணுதான் நல்லா விழுந்துச்சு."

"கல்யாணப் படத்துல கோணலா இருந்ததுக்கு நான் காரணம்," என்றார் பெயின்டர். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

ஒரு தடவை அவர்கள் திட்டியிருந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. பெயின்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அந்தக் கையை அவன் வெகு தூரம் வரை ஒன்றிலும் படாமல் வைத்துக்கொண்டு நடந்தான்.

அவள் வேலையில் சேர வேண்டிய காலையில் அவன் அந்தச் சலவை ஆலைக்குப் போனான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. எதிர்ப்பக்கத்துக் கடையோரம் நின்றான். ஆலையின் குழாயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு வரும் பெண்கள் வரிசையாக வாசலுக்கு வந்தார்கள். வாசல் தூணில் வருகைப் பதிவு இயந்திரம் பொருத்தியிருந்தது. ஒவ்வொருத்தியும் வலது பெருவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. தடுப்புக் கம்பி சுழன்று உள்ளே விட்டது.

அவளும் அவர்களோடு வந்தாள். தலையைப் படிய வாரி, சாப்பாட்டுப் பையை இடது தோளில் மாட்டியிருந்தாள். முறை வந்ததும் பெருவிரலை வைத்தாள். சிவப்பு.

"துடைச்சிட்டு வைம்மா," என்றான் காவலாளி.

உடுப்பின் ஓரத்தில் துடைத்து வைத்தாள். சிவப்பு.

காவலாளி அவள் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "ரேகையே இல்லையேம்மா. வழவழன்னு இருக்கு."

"வெந்த கைண்ணே. உங்க உருளையிலதான்."

"இடது கைய வெச்சுப் பாரேன்."

வைத்தாள். சிவப்பு. "சேர்றப்ப வலது கைதான் பதிஞ்சாங்க."

காவலாளி போனில் உள்ளே கேட்டான். தலையாட்டிக் கேட்டுவிட்டு வைத்தான். "ரேகை விழாம விடக் கூடாதாம். விழலன்னா ஆப்சென்ட்டுதானாம். அவங்க வேணும்னு சொல்லலம்மா, மெஷின் அப்படி." சங்கடத்தோடு வரிசையைப் பார்த்தான். "கொஞ்சம் ஓரமா நின்னு வெச்சுப் பாரு. மத்தவங்க போகட்டும்."

அவள் ஓரமாக நகர்ந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, விரலை வைத்து, பச்சை வாங்கி உள்ளே போனார்கள். இரண்டு பேருக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அவள் பெருவிரலை வாயருகே கொண்டுபோய் ஊதி, துடைத்து, வைத்தாள். சிவப்பு. இன்னொருத்திக்கு வழிவிட்டாள். மறுபடி ஊதினாள். உள்ளே சங்கு ஊதியது. உருளைகள் ஓடத் தொடங்கிய சத்தம் தெருவரைக்கும் வந்தது. வாசலில் வேறு யாரும் இல்லை. அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து, வளைந்த விரல்களை ஒதுக்கி, பெருவிரலைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டே நின்றாள்.