கிளெனிஸ் வீட்டுக்குப் போன ஹாம்கள்

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலையில் குர்ராபின் ஊரில் ஒன்பது ஹாம்கள் காணாமல் போயின. ஒன்பதும் கிளெனிஸ் பாஸ்கோவின் சலவை அறையில் இருந்த பழைய ஃப்ரிட்ஜுக்குள் இருந்தன. அந்த ஃப்ரிட்ஜில் இரண்டு ஹாம் வைத்தாலே கதவு மூடாது. அன்று அவளுடைய சொந்த ஹாமோடு சேர்த்துப் பத்து இருந்தும் கதவு நன்றாக மூடியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, அவள் கணவன் ராஸின் பியர் பாட்டில்கள்கூட இடம் மாறவில்லை. வெளியே வெயில் நாற்பத்தொன்று. கோதுமை விலை அந்த வாரம் சற்று இறங்கியிருந்தது.

குர்ராபினில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் ஹாம்தான். உப்பிலும் புகையிலும் பதமாகி, எலும்போடு முழுசாக வரும் பன்றித்தொடை. பூமியின் தென்பாதியில் டிசம்பர்தான் உச்சக் கோடை, நடுக்கோடையில் வரும் பண்டிகை அது. அன்றைக்கு அடுப்பு மூட்டுகிறவளை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துவிடுவார்கள். மாத நடுவில் கசாப்புக் கடையிலிருந்து ஹாம் வந்துவிடும். இருபத்திநாலாம் தேதி வெயில் ஏறுவதற்குள் தோலை உரித்து, கொழுப்பில் கட்டம் கட்டமாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பைக் குத்தி, ஆரஞ்சு ஜாமும் கடுகு விழுதும் நாட்டுச் சர்க்கரையும் குழைத்துப் பூசி ஓவனில் வைத்தால் மினுமினுவென்று சிவந்து வரும். ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குப் போகும். மறுநாள் கத்தியை எடுத்தால் போதும், உருளைக்கிழங்கு சாலட் பக்கத்தில் காத்திருக்கும். இதில் ஒரே ஒரு கண்டிஷன்தான். ஓவனுக்குப் போகும் நாள்வரை ஹாம் பழைய தலையணை உறைக்குள் இருக்க வேண்டும், அந்த உறை காயக்கூடாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் உறையைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் முக்கி, பிழிந்து, மறுபடி மாட்ட வேண்டும். விட்டுவிட்டால் ஹாம் ஓரத்தில் காய்ந்து தோல்வார் மாதிரி ஆகிவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தவறாமல் செய்வதாகவும் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள்.

கிளெனிஸ் நிஜமாகவே செய்கிறவள். கடலுக்கு அப்பாலுள்ள தாஸ்மேனியாத் தீவிலிருந்து ராஸைக் கட்டிக்கொண்டு வந்து பதினேழு வருஷம் ஆகியும் அவள் பெயர் ஊரில் தாஸ்மேனியாக்காரிதான். நவம்பர் பிறந்ததுமே எது எந்த நாளில் எந்தத் தட்டில் என்று மனசுக்குள் அடுக்கத் தொடங்கிவிடுவாள். அந்த வருஷம்தான் ஊர் மன்றத்துப் பெண்கள் குழுவில் அவளைச் சேர்த்திருந்தார்கள். தலைவி தெல்மா ஹாரிகனே வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். அன்று கிளெனிஸ் சமையலறையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டாள். ஆறு வாரம் கழித்து அவள் ஃப்ரிட்ஜில் ஊரார் ஹாம் ஒன்பது. எலுமிச்சைப் படம் போட்ட உறை தபால்காரர் வீட்டுடையது, பழுப்புப் பூப்போட்டது பள்ளிக்கூடத்து டீச்சருடையது, டைனோசர் படம் போட்டது போலீஸ் சார்ஜென்ட் க்ரவுச் வீட்டுடையது. கொடியில் காயும் துணியை வைத்தே வீட்டைச் சொல்லிவிடக்கூடிய ஊர் அது. அவளே சார்ஜென்டுக்குப் போன் செய்தாள். அதையும் ஊர் பிற்பாடு தந்திரம் என்றது.

சார்ஜென்ட் வருவதற்குள் பாதி ஊர் பின்வாசலில் கூடியிருந்தது. "நான் கேஸ் எழுத வரல கிளெனிஸ்," என்றார் அவர், தொப்பியால் விசிறிக்கொண்டே. "எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க, முடிச்சுக்கலாம்."

"எனக்கு எப்படித் தெரியும்? காலையில திறந்தேன், இருந்துச்சு."

"ஒம்பது வீட்டுக்குள்ள யாரோ போயிருக்காங்கல்ல?"

"இந்த ஊர்ல யாரு கதவைப் பூட்டுறாங்க? யாரு வேணாலும் போலாமே."

அது சொல்லியிருக்கக்கூடாத பதில். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தெல்மா ஹாரிகன் கைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "தாஸ்மேனியாவுல இதெல்லாம் சகஜமோ என்னமோ, தெரியாது. இங்க அடுத்தவ ஃப்ரிட்ஜுல கை வச்சா அதுக்குப் பேரு வேற."

கிளெனிஸுக்கு முகம் சிவந்தது. டைனோசர் உறையோடு ஹாமைத் தூக்கி சார்ஜென்டின் கையில் திணித்தாள். "தொட்டுப் பாருங்க. இதை எப்போ கடைசியா நனைச்சீங்க?"

"அது... வீட்டுல அவதான்..."

"வாட்டின ரொட்டி மாதிரி மொறமொறன்னு இருக்கு! எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணுலயாவது ஈரம் இருக்கா?"

ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. தங்கள் தங்கள் ஹாமை அணைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனார்கள். தெல்மாவுக்கு எடுத்துப் போக ஒன்றும் இல்லை, அவள் ஹாம் அவள் வீட்டிலேயே இருந்தது. அதனால் தெல்மாவையும் சிலர் சந்தேகித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெல்மா திருடி இவள் தலையில் போட்டாள் என்றார்கள் சிலர். கசாப்புக் கடைக்காரர் எடை கூட்டிக் காட்ட ஹாமுக்குள் என்னவோ ஏற்றியிருக்கிறார், அதுதான் நடமாடுகிறது என்றார் ஒருவர். பெண்கள் குழுவில் கிளெனிஸின் பெயர் இனி இருக்காது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த ராஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கிளென், எங்கிட்ட மட்டும் சொல்லு. வெளிய போகாது."

"நீ என்னைக் கேக்கறியா ராஸ்?"

"ஊரே கேக்குது."

"ஊர் கேட்டுட்டுப் போகட்டும். நீ கேக்கறியா?"

ராஸ் தட்டைத் தள்ளி வைத்தான். லாரி, டிராக்டர் எல்லாம் பிரித்துப் பார்த்து ரிப்பேர் செய்கிறவன். எதற்கும் ஒரு காரணம் உள்ளே இருக்கும் என்று நம்புகிறவன். எழுந்துபோய் ஷெட்டிலிருந்து சங்கிலியும் பூட்டும் கொண்டுவந்து ஃப்ரிட்ஜைச் சுற்றிப் பூட்டினான். சாவியைத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யாரும் உள்ளே வைக்க முடியாதபடிதான் பூட்டுகிறேன் என்றான். யார் என்பதை அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு வலித்தது கிடையாது.

அன்று ராத்திரி ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஹாமுக்குக் காவல் போட்டார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் நூல் கட்டினார்கள், பசைத்தாள் ஒட்டினார்கள், எலும்பில் பேனாவால் பெயர் எழுதினார்கள். தபால்காரர் ஃப்ரிட்ஜின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு அமளியில் உறையை நனைக்க யாருக்கும் நினைவில்லை. காலையில் நூல் அறுபடவில்லை, பசைத்தாள் கிழியவில்லை, தபால்காரர் கண்ணை மூடவில்லை. ஹாம் மட்டும் இல்லை. ராஸ் கிளெனிஸைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சங்கிலியைக் கழற்றினான். இந்தத் தடவை ஊரார் ஹாம் பதினான்கு. ராஸ் சாவியைப் பார்த்தான், கால்சட்டைப் பையை வெளியே இழுத்துப் பார்த்தான், பிறகு தன் கைகளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். அந்த ஒரு காலைப் பொழுது முழுக்க அவன் தன்னையே சந்தேகித்தான். மத்தியானம் கிளெனிஸ் முன்னால் வந்து நின்று, "தப்பு என்னுது கிளென்," என்றான். அவள் வினிகர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். இரண்டு பேருமாக, அவளுடையதோடு சேர்த்துப் பதினைந்து உறைகளையும் நனைத்துப் பிழிந்து மாட்டினார்கள்.

நனைத்துக் கொடுத்தனுப்பிய ஹாம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சார்ஜென்ட் யோசிக்கத் தெரிந்தவர். அடுத்த வருஷம் இரண்டு ஹாம் வாங்கி, ஒன்றை நனைத்தும் ஒன்றைக் காயவிட்டும் பார்த்தார். காய்ந்தது கிளெனிஸ் வீட்டுக்குப் போனது, ஈரமானது இருந்த இடத்தில் இருந்தது. அவர் எந்தக் கேஸும் எழுதவில்லை. ஆனால் மனைவியிடம் சொன்னார், மனைவி சலூனில் சொன்னாள், அன்று சாயங்காலம் குர்ராபின் முழுக்க உறை நனைக்கக் குழாய்கள் திறந்திருந்தன. கிளெனிஸிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் ஒருவரும் வரவில்லை. பெண்கள் குழுவில் அவள் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது, கூட்டத்துக்குக் கூப்பிட ஆள் வந்தது, அவ்வளவுதான்.

சந்தேகம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது. முன்பு கிளெனிஸ் என்ன எடுத்தாள் என்று பார்த்தவர்கள், இப்போது அவள் வீட்டுக்கு யார் ஹாம் போனது என்று பார்த்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் அவள் வீட்டுப் பின்கதவுப் பக்கம் நடந்தாலே கேவலம். இருந்தும் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். புதுசாகக் குழந்தை பெற்றவள், மனைவி ஓடிப்போனவன், அறுவடை பொய்த்துப்போய்ப் பேங்க்கோடு மல்லுக்கட்டுகிறவன். கிளெனிஸ் ஒரு வார்த்தை கேட்பதில்லை, ஈர உறையோடு எடுத்துக் கொடுத்துவிடுவாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. யாருடையது எத்தனை நாள் காய்ந்திருந்தது என்பது விரல் நுனியில் இருக்கும். தெல்மா ஹாரிகனின் ஹாம் ஒரு வருஷம்கூட வந்தது கிடையாது. அதில் தெல்மாவுக்கு இருந்த கர்வத்தை மன்றத்துக் கூட்டங்களில் பார்க்கலாம். என்றைக்காவது அதுவும் வரும் என்று கிளெனிஸ் வருஷா வருஷம் காத்திருந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மன்றத்து விருந்தின் இனிப்புக்கு முட்டை வெண்கரு அடித்துக்கொண்டே அப்படிப் பல வருஷங்களை ஓட்டினார்கள்.

பிறகு ஒரு நவம்பரில், அறுவடை முடிகிற வாரம், ராஸ் பாஸ்கோ ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சக்கரத்தின்மேல் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. டிசம்பர் நடுவில் கசாப்புக் கடைக்காரர் வழக்கம்போல ஹாமைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். கிளெனிஸ் அதை மஞ்சள் கோடு போட்ட உறைக்குள் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு சலவை அறைப் பக்கமே அவள் போகவில்லை. துவைக்க அவனுடைய உடுப்பு இல்லாத வீட்டில் அங்கே போகவும் வேலையில்லை.

இருபத்திமூன்றாம் தேதி மத்தியானம் ஏதோ நினைப்பு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஊரார் ஹாமும் இல்லை, அவளுடையதும் இல்லை. பியர் பாட்டில்கள் இருந்தன. அவளுக்கு முதலில் தோன்றியது திருட்டு என்றுதான். ஆம்பிளை இல்லாத வீடு என்று தெரிந்துகொண்டுதான் எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வீட்டுக் கொடியையும் பார்த்தாள், ஒவ்வொரு சலவை அறை ஜன்னலிலும் எட்டிப் பார்த்தாள். தபால்காரர் கையை உயர்த்தினார். அவர் ஏன் இவ்வளவு பிரியமாகக் கை ஆட்டுகிறார் என்று நின்று யோசித்தாள். டீச்சர் திரையை இழுத்தது கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் இவர்களுக்குச் செய்ததை எண்ணி நடக்க நடக்கக் கோபம் ஏறியது. கடைசியில் தெல்மாவின் பின்கதவுக்கு வந்தாள். தட்டவில்லை, தள்ளிக்கொண்டு போனாள்.

தெல்மா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் கோடு போட்ட உறை தண்ணீருக்குள் இருந்தது.

"நீதான் எடுத்தியா?"

"எடுக்கல. வந்துச்சு," என்றாள் தெல்மா. "ஒரு வாரம் ஆகப்போவுது."

"ஒரு வாரமா வாயத் திறக்கலயே நீ!"

"என்னன்னு திறக்க? உன் ஹாம் என் வீட்டுக்கு வந்துடுச்சுன்னு, ராஸ் போன வீட்டு வாசல்ல நின்னு சொல்லச் சொல்றியா?" தெல்மாவின் குரல் எரிச்சலாகத்தான் இருந்தது. "ஒருத்தருக்கும் தெரியாது. திரையப் போட்டுட்டுத்தான் நனைக்கறேன்."

கிளெனிஸுக்கு அப்போதுதான் பார்க்கத் தோன்றியது. ஜன்னலில் கெட்டித் திரை. பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஜைமேல் அவளுடைய ஹாம் ஓர் ஓரம்கூடக் காயாமல் இருந்தது. ராஸ் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கே நின்று வாய்விட்டு அழுதாள். தெல்மா உறையைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினாள்.

"பிடி. எனக்கு மணிக்கட்டுல வலி, தனியா முறுக்க முடியல."

கிளெனிஸ் பிடித்தாள். இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் முறுக்கினார்கள். தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஹாமும் தெல்மாவின் ஓவனில் வெந்தன. தெல்மா கீறினாள், கிளெனிஸ் கிராம்பு குத்தினாள். கட்டங்கள் கோணல் என்று கிளெனிஸ் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார் என்றாள் தெல்மா. பண்டிகையன்று மஞ்சள் உறைக்காரியின் ஹாம் ஹாரிகன் வீட்டு மேஜையில் நறுக்கப்பட்டது. வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த ஹாமை அடையாளம் தெரியும். சார்ஜென்ட் இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு, கடுகு எங்கே என்று மட்டும் விசாரித்தார்.