காந்தல்

...அவருக்கு என்னதான் பிடிக்கும், அதைக்கூடவா சொல்லத் தெரியாமல் நின்றோம், என்று பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து யோசித்துக்கொண்டே வருகிறாள் காளியாயி, கதை கேட்க வந்த நீங்களும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, காலை மடக்கிக்கொண்டால் இன்னும் ஒருவருக்கு இடம் கிடைக்கும், ஊருக்கெல்லாம் பசியாற்றிவிட்டுக் கடைசியாக இலைக்கு வந்த ஒரு மனுஷரின் கதையைச் சொல்கிறேன்... ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் இன்றைக்கு அவள் புருஷன் வீரமலையின் முதல் வருஷத் திதி. மகன் இல்லாத வீடு, மருமகன் ஜெயக்குமார்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிண்டத்தைக் காவிரியில் விட்டான். ஈரம் சொட்ட ஏறி வந்தவனிடம் புரோகிதர், "கிரஹத்துக்குப் போய் இலை போடுங்கோ, அவருக்கு எது ரொம்பப் ப்ரீதியோ அதை மறக்காம வையுங்கோ, வருஷத்துக்கு ஒரு நாள் வர்றவர், வாடிப் போயிடக்கூடாது பாருங்கோ" என்றார், எல்லாரும் காளியாயியைத் திரும்பிப் பார்த்தார்கள், அவள் குனிந்து படியில் கிடந்த பையை எடுத்துக்கொண்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் பொங்கிப் போட்ட கை இது, உச்சிப் பொழுதுக்குள் இலை போட வேண்டும், அதற்குள் தெரிந்தாக வேண்டும். "அப்பாவுக்குப் பால்கோவாம்மா, சம்பளம் வாங்கினா வாங்கியாருவாரே" என்கிறாள் முன்சீட்டிலிருந்து மகள் ஆனந்தவள்ளி. "இல்ல, தாத்தாவுக்கு முட்டை பப்ஸ்தான்" என்கிறாள் பேத்தி கனிஷ்கா. "மாமாவுக்குக் கோழி வறுவல்ங்க அத்தை, எனக்கு வச்சிட்டுத்தான் ஒரு துண்டு எடுப்பாரு" என்கிறான் ஜெயக்குமார். "திதி அன்னிக்கு வறுவல் கேக்குற மருமவன் இந்தத் திருச்சியிலயே நீங்க ஒருத்தர்தான்" என்று ஆனந்தவள்ளி இடிக்க, காளியாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது... மூணு பேரும் அவங்கவங்க நாக்குக்குத்தான் கேக்குறாங்க, அவர் வாங்கி வந்ததெல்லாம் அவர்களுக்குப் பிடித்தது, பால்கோவா கட்டிய காகிதத்தை மடித்து எறிந்ததைத் தவிர அவர் அதில் என்ன கண்டார், பப்ஸை பேத்திக்குக் கொடுத்துவிட்டு மடியில் உதிர்ந்த தூளைத் தட்டி வாயில் போட்டுக்கொள்வார், ஒற்றைப் பனங்கிழங்கு கிடைத்தாலும் நாலாக ஒடித்து நாலு கையில் வைத்துவிட்டு, நாரை மட்டும் பல்லில் இழுத்துக்கொண்டு நிற்பார், அவருக்கென்று எது...

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறுகிறது, காற்று சேலைத் தலைப்பை இழுக்கிறது, தூரத்தில் மலைக்கோட்டை வெயிலில் பாதி கரைந்த வெல்லம் மாதிரி தெரிகிறது. இந்தக் காற்றுக்கு அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார். தொட்டியத்தில் வாழைத் தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்த உடம்பு, குலை தள்ளிய மரத்துக்குக் காற்றுதான் எமன், ஒரு நாழி சுழற்றி அடித்தால் வருஷத்துப் பாடு மண்ணில் கிடக்கும். எடமலைப்பட்டி புதூர் வீட்டில் வாழையும் இல்லை வயலும் இல்லை, ஆனாலும் கையில் பிசைந்த சோற்றோடு வாசலில் போய் நிற்பார். "இங்க என்னங்க சாஞ்சிடப்போவுது, கரண்டு கம்பமா" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல காளி, எந்தப் பக்கத்துக் காத்துன்னு பார்த்தேன்" என்பார். வாசலுக்குள் நுழையும்போது புறங்கையால் முகத்துக்கு முன்னால் எதையோ ஒதுக்கிவிட்டு, குனிந்துதான் வருவார், அங்கே ஒன்றும் இருக்காது, கல்யாணமான புதிதில் கொசு என்று நினைத்தாள், அப்புறம்தான் புரிந்தது, தோட்டத்தில் வாழை இலையை ஒதுக்கி ஒதுக்கி நடந்த கை. காட்டூருக்கும் அப்பால் வெல்டிங் பட்டறை, விடியுமுன் சைக்கிளில் போய், பொழுது சாய்ந்து கண் சிவந்து வருவார், நெருப்புப் பொறியில் கண்ணீராகக் கொட்டும், உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைப்பாள், "கழுவி நாளைக்குக் குழம்புல போட்டுடு, வீணாக்காத" என்று படுத்தபடியே கிண்டல் பண்ணுவார்... ஞாயிற்றுக்கிழமை தெருவிலே யார் வீட்டு உடைந்த இரும்புக் கேட்டாவது பற்றவைக்க அவர் கையில் இருக்கும், கூலி கேட்டதில்லை. பசிக்கிறது என்று ஒரு நாள் சொல்லியிருப்பாரா? சொன்னதாக ஞாபகமில்லையே...

ஒன்றே ஒன்று சொன்னார். அதுவும் எப்போது, கல்யாணமாகி வந்த மறுநாள், அவ்வளவு பெரிய பானையில் அவள் அதற்கு முன் பொங்கியதில்லை, பயத்தில் அடி பிடித்துவிட்டது, வீடு முழுக்கப் புகை. மாமியார் ராக்கம்மாள் மூக்கைச் சுளித்து, "ஏன்டியம்மா, சோறு பொங்கச் சொன்னா சுடுகாட்டையே கொண்டாந்து வச்சிருக்க" என்றாள். காளியாயி அடுப்பு ஓரமாகச் சுருண்டு நின்றபோது, அவர் வந்து பானைக்குள் கையை விட்டு, அடியில் ஒட்டிச் சிவந்துபோன காந்தலைச் சுரண்டித் தட்டில் போட்டு, "எனக்குக் காந்தல்னா உசுருல்ல, உனக்குத் தெரியாதாம்மா" என்றார், மாமியார் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள். அன்றையிலிருந்து காந்தல் அவருக்கு. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பானையை மடியில் சாய்த்து, மோர் ஊற்றி, கரண்டியால் சுரண்டுகிற அந்தச் சத்தம்... அது பிடித்துச் சொன்னதா, புதுப்பெண்ணைக் காப்பாற்றச் சொன்னதா? ஒருமுறை தோட்டத்துக் கதை சொன்னார், மூத்த பிள்ளை அவர், வாழைக்குத் தண்ணீர் கட்டி, கடைசிப் பாத்திக்கு மடை மாற்றிவிட்டு வருவதற்குள் தம்பி தங்கைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், பானையில் காந்தல்தான் இருக்கும், அம்மா மோரை ஊற்றி வைத்திருப்பாள் என்று. அதைச் சொல்லும்போது சிரித்தாரா? முகத்தை ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள், சட்டை நிறம்கூட வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது... மகள் குக்கர் வாங்கித் தந்த அன்றைக்கு மூடியைத் திறந்து, அடிவரைக்கும் கரண்டியை விட்டுப் பார்த்தார், "நல்லாருக்கே, அடிவரைக்கும் வெள்ளை வெளேர்னு" என்று மூடிவிட்டார். சந்தோஷமா? காந்தலைத் தேடினாரா? பிடித்ததா, பழகிப்போனதா, அவருக்கே தெரிந்திருக்குமா...

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய பானையை இறக்கினாள். "குக்கர் இருக்கேம்மா" என்றாள் ஆனந்தவள்ளி. "இருக்கட்டும்டி." அரிசி கொதித்தது, வடித்தாள், திரும்ப அடுப்பில் ஏற்றித் தீயைச் சிறிதாக்கிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள், அந்தப் புகை மெல்ல எழும்பியது, அன்றைய வீடே எழும்பி வருகிற மாதிரி. "அம்மா, அடி பிடிக்குது." "தெரியும்." "படையல் சோறும்மா." "உங்கப்பனுக்குத்தானே." சுரண்டி எடுத்தாள், சிவந்த தகடாக வந்தது, விரலில் ஒட்டிய துணுக்கை நினைப்பே இல்லாமல் வாயில் போட்டுக்கொண்டுவிட்டாள், ஐயோ, படையலுக்கு முன் உப்புக்கூடப் பார்க்க மாட்டார்களே... ஆனால் வாய் நின்றுவிட்டது. மொறுமொறுவென்று, புகை வாசத்தோடு, மெல்ல மெல்ல ஒரு இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு. இத்தனை வருஷத்தில் இதை அவள் தின்றதே இல்லை. பனங்கிழங்கை நாலாக ஒடித்தவர், பப்ஸை முழுசாகக் கொடுத்தவர், இதில் மட்டும் ஒரு விள்ளல், இந்தா காளி, என்று நீட்டியதில்லையே. அடுத்தவருக்குக் கொடுக்க லாயக்கில்லாதது என்றா? இல்லை, உலகத்தில் இது ஒன்று மட்டும் எனக்கு என்றா...

"இலை போட்டாச்சு, கொண்டாம்மா" என்று குரல் வந்தது. தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படி வாசலைத் தாண்டும்போது, அவள் புறங்கை தானாக எழுந்து முகத்துக்கு முன்னால் எதையோ ஒதுக்கியது, அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் குனிந்துதான் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும், பானை நிறையப் பொங்கட்டும், கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவரிடம், உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க ஒரு வாய் இருக்கட்டும், கேட்டால் சொல்ல அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.