வெர்னா சொன்ன 'ஆனா'

மகன் டாரெலைப் புதைத்த ஒன்பதாம் நாள் டிவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வெர்னா டிராக்டர் பட்டறையில் வெல்டிங் செய்கிறவள். வேலைச் சட்டையோடுதான் கதவைத் திறந்தாள்.

"நல்ல சட்டையா ஒண்ணு மாத்திக்குங்கம்மா. தம்பிக்குப் பிடிச்ச கலர்னா இன்னும் நல்லது" என்றான் நிருபர் பேக்ஸ்டர். கேமராக்காரன் யாரையும் கேட்காமல், போருக்குப் போனவர்கள் நினைவாக அங்கே கட்டுகிற மஞ்சள் நாடாவை வாசல் மரத்தில் கட்டினான். நாடாவை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள், பெரிய சுருளாக.

வெர்னாவுக்கு எரிச்சல்தான். இருந்தாலும் சட்டையை மாற்றினாள். அவர்களால் அவளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

ஈராக் போரில் ராணுவ லாரி ஓட்டிய டாரெல் அங்கிருந்து எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு லாரிக் கதவை வரைந்து அளவும் போட்டிருந்தான். "அம்மா, எங்க லாரிக்குக் கதவுன்னு இருக்கிறது வெறும் கித்தான் துணி. குப்பைமேட்டுல தகரம் பொறுக்கிக் கட்டிக்கிறோம். நீ தகடு வெட்டி அனுப்புவியா?" வெர்னா அன்றைக்கே நாலு தகடு வெட்டிவிட்டாள். கனம் அதிகம் என்று தபால் ஆபீசில் திருப்பிவிட்டார்கள். வேறு வழிக்கு அவள் அலைந்துகொண்டிருந்த வாரத்தில்தான் சாலையோரம் குண்டு வெடித்து, சிதறல் கித்தானைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

அதே லாரிகளை இன்னும் இருபது பையன்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் குவினும் ஒருவன், அடுத்த தெரு ரோண்டாவின் ஒரே பிள்ளை. அவனாவது முழுசாக வீடு திரும்ப வேண்டும். நாடே பார்க்கிற செய்தியில் இந்தக் கடிதம் வந்தால் வாஷிங்டனில் எவனுக்காவது உறைக்காதா?

"மகனை நினைச்சா எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான் பேக்ஸ்டர்.

"பெருமையாத்தான் இருக்கு. ஆனா அவன் செத்தது கித்தான் கதவு போட்ட லாரியில. மத்த பசங்க இன்னும் அதுலதான் போறாங்க." கடிதம் முழுவதையும் படித்தாள். கொட்டகையில் சாத்தியிருந்த தகடுகளைக் காட்டினாள். பேக்ஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கண்டிப்பாப் போடுறோம்மா, என்னை நம்புங்க."

நம்பினாள், பாவி.

வியாழக்கிழமை ஆறரை மணிச் செய்திக்கு ரோண்டாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முரசு, எக்காளம், திரையோரம் பறக்கிற கொடி. போருக்குப் போட்டிருந்த பெயர் ஏதோ சினிமாத் தலைப்பு மாதிரி மின்னியது. ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் வரைபடத்தில் குச்சியால் தட்டி வெற்றியை அளந்தார். பிறகு மஞ்சள் நாடா. பிறகு வெர்னா.

"பெருமையாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். 'ஆனா'வை நறுக்கிவிட்டார்கள். அவள் கையில் கடிதம், மேலே சோக இசை, பேக்ஸ்டரின் குரல்: "வீரன் எழுதிய கடைசி வரி, 'அம்மா, உன் நினைப்பாவே இருக்கு'." அடுத்து கார் விளம்பரம்.

"சண்டாளப் பசங்களா!" என்று வெர்னா போனை எடுத்தாள்.

"நேரம் பத்தலம்மா" என்றான் பேக்ஸ்டர். "போர் நடக்கிறப்ப பசங்க மனசு தளரக் கூடாதில்லையா?"

"மனசு தளரக் கூடாது, கித்தான் மட்டும் கிழியலாமா?"

"ஊரே அழுதிருக்கும்மா. எத்தனை போன் வந்துச்சு தெரியுமா!"

மளிகைக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். கித்தானைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தச் செய்தி வந்த ஆறாம் வாரம் குவினும் செத்தான். அதே சாலை, அதே கித்தான். ரோண்டா வீட்டு வாசலில் அதே வேன், அதே நாடாச் சுருள். வெர்னா உள்ளே ஓடியபோது ரோண்டா நல்ல சட்டைக்குப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவனுங்ககிட்ட என்னடி சொல்லட்டும்?"

வெர்னா பொத்தானைப் போட்டுவிட்டாள். "பெருமைங்கிற வார்த்தையை மட்டும் வாயில எடுக்காதே. அதைப் பிடுங்கிட்டுப் போகத்தான் வந்திருக்கானுங்க."

ரோண்டா எடுக்கவில்லை. பேக்ஸ்டர் சுற்றிச் சுற்றி மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். மூன்று தடவையும் அவள் கித்தானைப் பற்றியே பேசினாள். "ரொம்ப நன்றிம்மா" என்று ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

அன்று ஆறரை மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். குவினின் படம் வந்தது. மஞ்சள் நாடா வந்தது. ரோண்டா வரவேயில்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில் வெர்னாவின் பழைய பேட்டித் துண்டையே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

"பெருமையாத்தான் இருக்கு" என்றாள் டிவியில் வெர்னா, ரோண்டாவின் மகனுக்காக.